பெரியவரிடம் யார் சொல்வது?

கேள்வி:

வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடுகிறவர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் கிளப்பில் இந்த ஆண்டு செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. உறுப்பினர்கள் நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு. வேட்டைக்குப் போகும் மூத்தவர்கள் ஒரு மூலை, ஏர் ரைஃபிளும் பிஸ்டலும் சுடும் இளையவர்கள் இன்னொரு மூலை. வேட்டைப் பருவம் முடிந்துவிட்டால் மூத்தவர்களைக் கண்ணால் பார்க்க முடியாது. புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் வருகிறார்கள், பிறகு நின்றுவிடுகிறார்கள். என் மனைவி ஒரே ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, "இது ஆம்பளைங்க கூடாரம்" என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தில் சத்தம் தாங்கவில்லை என்று புகார். குடும்ப விழா, பரிசுப் போட்டி என்று ஏதாவது வைத்தால் பழைய கலகலப்பு திரும்புமா என்று கமிட்டியில் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று: எங்கள் கிளப்பிலேயே மூத்த உறுப்பினர், எல்லோரும் மதிக்கிறவர், சமீப காலமாகப் பேசிக்கொண்டே கையில் துப்பாக்கியோடு திரும்பிவிடுகிறார். அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

துப்பாக்கி சுடுதல் பயிற்சியாளரின் பதில்:

"இன்னொன்று" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான். பயிற்சியாளராகவும், சுடும் களத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசராகவும் இருப்பதால் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். கனமான விஷயம் எப்போதும் கடைசி வரியில்தான் இருக்கும். விழாவுக்கு அழைப்பிதழ் அடிப்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அந்தப் பெரியவரின் துப்பாக்கி முனை எங்கே போகிறது என்பதற்கு ஒரு முடிவு கட்டாமல் நீங்கள் எதை நடத்தினாலும், அந்த முனைக்கு முன்னால் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்து நிறுத்துகிறீர்கள் என்றுதான் பொருள்.

புதியவர்கள் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம். சேர்ந்த முதல் நாள் அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்? எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும், முனை எப்போதும் டார்கெட் பக்கம், சுடத் தயாராகும்வரை விரல் டிரிகரைத் தொடக்கூடாது, டார்கெட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது. பயபக்தியோடு கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த வாரமே, கிளப்பில் அதிகம் மதிக்கப்படுகிற மனிதரின் ரைஃபிள் முனை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்களை வரிசையாகத் தடவிக்கொண்டு போகிறது. பத்துப் பேர் பார்க்கிறார்கள். ஒருவரும் பேசவில்லை. புதிதாக வந்தவர் என்ன நினைப்பார்? ஒன்று, விதியெல்லாம் புதியவர்களுக்கு மட்டும்தான். அல்லது, இங்கே வாயைத் திறந்து எதையும் சொல்ல முடியாது. இரண்டில் எது மனதில் பட்டாலும் அவர் நின்றுவிடுவார். காரணம் கேட்டால் "வேலை ஜாஸ்தி சார்" என்பார். எல்லோரும் இதனால்தான் நின்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நின்றவர்களில் மூன்று பேருக்குப் போன் செய்து, "ஏன் வரலை?" என்று கேட்காமல், "ரேஞ்சுல எப்பவாவது பயமா இருந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, பெரியவரிடம் எப்படிச் சொல்வது? முதலில், எப்படிச் சொல்லக்கூடாது என்பது. கமிட்டிக் கூட்டத்தில் வைத்துச் சொல்லக்கூடாது. நோட்டீஸ் போர்டில் ஒட்டக்கூடாது. வாட்ஸ்ஆப் குழுவில் "சில உறுப்பினர்கள் கவனக்குறைவாக..." என்று பொதுவாகப் போடவே கூடாது. அது யாரைப் பற்றியது என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாளில் அவருக்கும் தெரியவரும், அதோடு மனக்கசப்பு நிரந்தரமாகிவிடும். அவரோடு நெடுங்காலம் வேட்டைக்குப் போன கூட்டாளி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரையும் அழைத்துக்கொண்டு நீங்களே போங்கள். துப்பாக்கி பெட்டிக்குள் இருக்கும்போது பேசுங்கள். கையில் இருக்கும்போது வேண்டாம்.

பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "ஐயா, போன வாரம் மூணாவது லேன்ல நீங்க திரும்பும்போது ரைஃபிள் முனை பின்னாடி நின்னவங்க பக்கம் வந்துடுச்சு. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க." அவ்வளவுதான். "கவனக்குறைவு", "வயசாயிடுச்சு" போன்ற சொற்கள் வேண்டாம். சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவர் பெரும்பாலும் "சேம்பர் காலியாத்தான் இருந்துச்சு" என்பார். சேம்பர் என்பது சுடுவதற்குக் குண்டு ஏறி நிற்கும் அறை. உண்மையாகவே காலியாக இருந்திருக்கும். "நீங்க காலி பண்ணியிருப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியும் ஐயா, ஆனா பின்னாடி நிக்கிற புதுப் பையனுக்குத் தெரியாதே" என்று சொல்லலாம். காலி என்று நம்பிய துப்பாக்கி வெடித்த கதைகள் அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும், வாதாட வேண்டியதில்லை.

"பேசிக்கொண்டே திரும்பிவிடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வார்த்தைகள்தான். இது ஒழுங்கீனமாக இல்லாமல் காதுப் பிரச்சினையாக இருக்கலாம். பெரும்பாலான துப்பாக்கிகளின் வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். பெரிய ரைஃபிள்கள் 160-க்கும் மேலே போகும். 140 என்பதே ஒரே ஒரு வெடியில் காதைக் கெடுக்கக்கூடிய அளவு. அவர் தலைமுறை வேட்டைக்காரர்களில் பலர் காதில் எதையும் மாட்டாமலே சுட்டுப் பழகியவர்கள். முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். பேசுவது கேட்கும், ஆனால் சொற்கள் பிரியாது; எதிராளியின் முகத்தைப் பார்த்தால்தான் புரியும். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அவர் திரும்பியே ஆக வேண்டும். வயதானால் கழுத்தும் முன்போல வளைந்து கொடுக்காது. தலையைத் திருப்ப வேண்டிய இடத்தில் தோளோடு உடம்பு முழுவதும் திரும்பும். உடம்போடு கையிலிருக்கும் ரைஃபிளும் திரும்பும்.

அப்படியென்றால் மாற வேண்டியவர் அவர் மட்டும் இல்லை. அவரைப் பின்னாலிருந்து கூப்பிடுகிறவர்களும்தான். இன்றைக்கே ஒரு விதி போடுங்கள்: துப்பாக்கி கையில் இருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. பேச வேண்டுமானால் அவர் ரைஃபிளை பெஞ்சில் வைத்து, சேம்பரை மூடும் போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகிவிட்டுத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். இது எல்லோருக்குமான விதி. பெரியவரை மட்டும் குறிவைத்ததாக இருக்காது. அவர் பக்கத்தில் நின்று "ஐயா, முனை" என்று இரண்டே சொல்லில் நினைவூட்டலாம். எலக்ட்ரானிக் காதுக்கவசம் ஒன்று மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சைக் கூட்டிக் கேட்கவைக்கும், வெடிச்சத்தத்தை அடக்கிவிடும். பக்கத்து லேனில் பேசுவது தெளிவாகக் கேட்கும் முதல் நாளில் பெரியவர்கள் முகம் மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் முனை அலைந்தால், கொஞ்ச காலம் பக்கத்தில் ஒரு ரேஞ்ச் ஆபீசர் நின்றால் மட்டுமே அவர் சுடலாம் என்று வையுங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் சுடுவதை நிறுத்தத்தான் வேண்டும். ஞாபக மறதி மாதிரி வேறு ஏதாவது தென்பட்டால் குடும்பத்தாரிடம் பேசுங்கள். ஆறுதலுக்காக அவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். பல கிளப்புகள் செய்கிற காரியம் அது. இரண்டு பக்கமும் ஆபத்து. தடம் பார்ப்பது, தூரத்தைக் கண்ணால் அளப்பது, காற்றின் திசை பார்த்து நடப்பது என்று துப்பாக்கி இல்லாமலே அவர் சொல்லித்தரக்கூடியவை ஏராளம்.

இதையொட்டி இன்னொரு கேள்வி. நேற்றுச் சேர்ந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தி உங்கள் ரேஞ்சில் "ஸ்டாப்!" என்று கத்தினால் எல்லோரும் நிறுத்துவார்களா? விதிப் புத்தகத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்றுதான் இருக்கும். நடைமுறையில்? "எதுக்கும்மா கத்துனே?" என்று முதலில் கேட்பார்கள் என்றால் உங்கள் ரேஞ்சில் அந்த விதி இல்லை. அதைப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பயிற்சி நாளிலும் ஏதோ ஒரு நேரத்தில் புதியவர் ஒருவரை விட்டு "ஸ்டாப்" சொல்லச் சொல்லுங்கள். சொன்ன நொடியில் விரல் டிரிகரைவிட்டு வெளியே, முனை டார்கெட் பக்கம், குண்டை எடு, போல்ட்டைத் திற, கொடியைச் செருகு, சுடும் கோட்டிலிருந்து பின்னால் வா. விளக்கம் கேட்பது அதற்கப்புறம். தேவையே இல்லாமல் கத்தியிருந்தாலும் அவருக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். திட்டினால் அடுத்த முறை தேவைப்படும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்தக் கொடியைக் கேலி செய்யும் மூத்தவர்கள் இருப்பார்கள். பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். சர்வதேசப் போட்டிகளில் அது இல்லாமல் யாரும் துப்பாக்கியை லேனில் வைத்துவிட்டு நகர முடியாது. ரேஞ்சின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் சேம்பர் காலி என்று தெரியும். யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

இனி அந்த இரண்டு மூலைகள். வேட்டைக்காரர்களையும் குறி சுடுகிறவர்களையும் ஏதோ இரண்டு ஜாதி மாதிரி எல்லாக் கிளப்பிலும் பேசுகிறார்கள். இந்த விளையாட்டின் கதை அப்படி இல்லை. இன்று ஒலிம்பிக்கில் இருக்கும் ஸ்கீட்டை, அதாவது பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டியை, எடுத்துக்கொள்ளுங்கள். 1920 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் சார்லஸ் டேவிஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் பறவை வேட்டைக்குக் கை பழக்கிக்கொள்வதற்காக உண்டாக்கியது அது. ஒரு பெரிய வட்டத்தைக் கடிகார முகம்போலப் பிரித்து, சுற்றிச் சுற்றி நின்று க்ளே எனப்படும் அந்தத் தட்டுகளைச் சுட்டார்கள். உங்கள் மூத்தவர்கள் பருவம் முடிந்ததும் காணாமல் போகிறார்களே, அந்த இடைவெளிக்குத்தான் வேட்டைக்காரர்களே இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். ஓடும் மானின் உருவத்தைச் சுடும் போட்டி முன்பு ஒலிம்பிக்கிலேயே இருந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவில் தங்கம் வென்ற சுவீடன் அணியில் ஆஸ்கர் ஸ்வானும் அவர் மகன் ஆல்ஃபிரெட்டும் சேர்ந்தே ஆடினார்கள். 1920-இல் ஆஸ்கர் வெள்ளி வாங்கியபோது அவருக்கு வயது 72. இந்தக் கதையை உங்கள் பெரியவரிடமும் ஒருநாள் சொல்லுங்கள்.

இரண்டு மூலைகளையும் சேர்க்க நான் பரிந்துரைப்பது வேட்டைப் பருவத்துக்கு முன்னால் ஸ்கோப்பை, அதாவது ரைஃபிள் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சரிபார்க்கும் நாள். வேட்டைக்காரர்கள் எப்படியும் அன்று வந்தே ஆக வேண்டும். குறி சுடுகிற இளையவர்களையும் அன்றைக்கு வரச் சொல்லி, ஒரு லேனுக்கு ஒரு வேட்டைக்காரர், ஒரு இளையவர் என்று ஜோடி போடுங்கள். என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மூத்தவர் 100 மீட்டரில் ஒரு குண்டு சுடுவார். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி விழும். உடனே ஸ்கோப்பின் மூடியைக் கழற்றித் திருகப் போவார். இளையவர் தடுப்பார்: "இருங்க சார், மூணு போகட்டும்." மூன்று குண்டும் போன பிறகு பார்த்தால், மூன்று ஓட்டைகளும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள், நடுப்புள்ளியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் இடப்பக்கம் இருக்கும். கோணத்தை மில்லிரேடியனில் அளக்கும் ஸ்கோப்பில் ஒரு கிளிக், அதாவது திருகின் ஒரு படி, பெரும்பாலும் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். வலப்பக்கம் ஆறு கிளிக். மறுபடி மூன்று குண்டு. முடிந்தது. ஒரு பெட்டித் தோட்டாவைக் காலிசெய்து பழகிய மனிதருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

அதற்கப்புறம் பாடம் தலைகீழாகும். பெஞ்சை எடுத்துவிட்டு நின்றபடி சுடச் சொல்லுங்கள். நூறு அடி ஓடிவந்து மூச்சிரைக்க, ஒரு கோலில் ரைஃபிளைச் சாய்த்து, ஐந்து நொடிக்குள் சுட வேண்டும். கனத்த ஜாக்கெட்டும் ஒருமணி நேரமும் இருந்தால் பத்துப் பத்தாக அடிக்கிற இளையவர் இப்போது டார்கெட்டையே தவறவிடுவார். மூத்தவர் அமைதியாக அடிப்பார். அதைவிட முக்கியமாக, எப்போது சுடக்கூடாது என்பதை அவர் சொல்லித்தருவார்: மிருகம் குறுக்காக நிற்காதபோது, பின்னால் மண்மேடு இல்லாதபோது, தூரம் சந்தேகமாக இருக்கும்போது, வெளிச்சம் போய்விட்டபோது. காயம்பட்டு ஓடிய மிருகத்தை இரவெல்லாம் தேடிய அனுபவம் இருப்பவர் சொன்னால் அதற்கு ஒரு எடை உண்டு. அன்றைய நாளை ஒரு சிறு பரீட்சையோடு முடிக்கலாம். நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் 100 மீட்டரில் ஐந்து குண்டுகளையும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் போட்டுக் காட்ட வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் கேட்காவிட்டாலும் கிளப் கேட்கலாம். தேறாதவரை யாரும் கேலி செய்யாமல் அன்றே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் கிளப்பாக இருந்தால் சரி.

பருவம் இல்லாத மாதங்களுக்கு க்ளே போதும். 110 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 105 கிராம் எடையும் உள்ள அந்தத் தட்டு வயது, அந்தஸ்து எதையும் பார்க்காது. எல்லோரையும் சமமாக ஏமாற்றும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒருவர் சுட, ஒருவர் பொத்தானை அழுத்த, ஒருவர் ஸ்கோர் எழுத, மற்றவர்கள் பின்னால் நின்று கதை பேசலாம். லேனுக்குள் தனித்தனியாக நின்று சுடும் ஏர் ரைஃபிளில் இந்தப் பேச்சுக்கு இடம் கிடையாது.

பொத்தான் அழுத்துகிறவர் என்றேனே, புதியவர்கள் விஷயத்தில் என் நம்பிக்கை அதில்தான். சேர்ந்தவருக்கு மூன்றாவது வாரத்துக்குள் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். ஸ்கோர் எழுதுவது, டார்கெட் காகிதம் மாட்டுவது, காலித் தோட்டாக்களைப் பொறுக்கி வாளியில் போடுவது, காற்றுக் கொடிகளை நட்டுவைப்பது. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. டியூட்டிப் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும். வராவிட்டால் தேட ஆள் இருக்கிறது என்று தெரிந்தவர் வருவார். சந்தா கட்டி, சுட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் போகிறவரை எந்த விழாவும் பிடித்து வைக்காது. இதில் என்னோடு உடன்படாத பயிற்சியாளர்கள் உண்டு. புதியவர்களை வேலை வாங்கினால் ஓடிவிடுவார்கள் என்பார்கள். கழிப்பறை கழுவச் சொன்னால் ஓடத்தான் செய்வார்கள். சுடும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறுப்பு என்றால் ஓட மாட்டார்கள்.

உங்கள் மனைவி சொன்னதை நான் வெளியிலிருந்து விளக்க முடியாது. அவரிடமே கேளுங்கள்: எதைப் பார்த்து அப்படித் தோன்றியது? பெரும்பாலும் பதில் சின்ன விஷயங்களாக இருக்கும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை, அல்லது இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. வந்ததும் பேச ஆள் இல்லை. கையில் கொடுத்த ரைஃபிளின் கட்டை அவர் கைக்கு நீளம். கன்னம் சரியாகப் பதியாமல் ஸ்கோப்பில் கருவட்டம்தான் தெரிந்தது. உயரம் மாற்றக்கூடிய கட்டை உள்ள ரைஃபிள் ஒன்று கிளப்பில் இருந்தால் பெண்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் உதவும். "மகளிர் தினச் சலுகை" என்று ரோஜா நிறப் போஸ்டர் மட்டும் அடிக்காதீர்கள். இந்த விளையாட்டில் பெண்களுக்குச் சலுகை தேவைப்பட்டதில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களோடு மோதிய அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் சக நாட்டவர் லானி பாஷமுடன் சமப் புள்ளி எடுத்தார். விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போனது. தேசிய கீதம் ஒலித்தபோது அவர் மர்டாக்கைத் தன் மேடையிலேயே ஏற்றி நிறுத்திக்கொண்டார். 1992 பார்சிலோனாவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடிய ஸ்கீட்டில் சீனாவின் ஜாங் ஷான் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியில் பெண்களுக்கு இடமே இல்லாமல் போனது. கிளப்பில் கலப்புப் போட்டி வைக்கத் தயங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பிள்ளைகள் வருவதானால் ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். குறைந்தபட்ச வயது எவ்வளவு என்பதை உங்கள் ஊர்ச் சட்டம் சொல்லும். வயது வந்த ஒருவரோடு ஒரு பிள்ளை தனியாக இருக்கும் நிலை எந்த நேரத்திலும் வரக்கூடாது. ஈயத்தை மறக்காதீர்கள். குண்டில் மட்டுமல்ல, தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரின் புகையிலும் ஈயம் உண்டு. பிள்ளைகளின் உடம்பில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. உள்ளரங்க ரேஞ்சைத் துடைப்பத்தால் பெருக்கினால் கீழே கிடக்கும் தூசியை எல்லோரும் மூச்சில் இழுப்பார்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கோட்டுக்குப் பக்கத்தில் தின்பண்டம் கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துப்புரவு வேலைக்குப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அனுப்பவே கூடாது.

அக்கம்பக்கத்துப் புகாருக்கு, பாதியில் விட்ட ஸ்கீட் கதையின் மீதியைச் சொல்கிறேன். ஆண்டோவரில் வட்டம் முழுக்க நின்று எல்லாத் திசையிலும் சுட்டுக்கொண்டிருந்தார்களே, பக்கத்து நிலத்தில் ஒருவர் கோழிப்பண்ணை வைத்தார். ரவைகள் அங்கே போய் விழும். வட்டத்தைப் பாதியாக வெட்டி, இரண்டாவது க்ளே எந்திரத்தை எதிர்ப்பக்கம் வைத்து, ஒரே திசையில் மட்டும் சுடும்படி ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். இன்றும் உலகம் முழுக்க ஸ்கீட் அரைவட்டத்தில்தான் ஆடப்படுகிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எந்தெந்த நாள், எந்தெந்த நேரம் சுடுவோம் என்று ஒரு தாளில் எழுதி, செயலாளர் போன் நம்பரையும் போட்டு, வீடு வீடாக நீங்களே போய்க் கொடுங்கள். பெரிய ரைஃபிள்களை வாரத்தில் ஓரிரு வேளைக்குள் அடக்குங்கள். சத்தத்தைவிட, அது எப்போது நிற்கும் என்று தெரியாததுதான் மனிதர்களை அதிகம் எரிச்சலாக்குகிறது. பரீட்சைக் காலம், துக்க வீடு என்று யாராவது கேட்டால் ஒருநாள் நிறுத்துங்கள்.

பருவம் முடிந்து காணாமல் போகும் மூத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அதை வருகைக் குறைவாகப் பார்க்கிறீர்கள். அவர்களில் சிலருக்கு அது தனிமை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், துணையை இழந்தவர், வேட்டைக்கூட்டாளி இறந்துபோனவர் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் துப்பாக்கியும் இருக்கும். இரண்டு வாரம் வராதவருக்குப் போன் செய்வதை ஒருவரின் பொறுப்பாகவே ஆக்குங்கள். யாராவது "இனி என்னத்துக்கு இருக்கணும்" என்கிற மாதிரிப் பேசினால் சமாதானம் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். "செத்துப்போயிடணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். சட்டம் அனுமதிக்கிற வழியில் அவருடைய துப்பாக்கிகளைக் கொஞ்ச காலம் வேறு இடத்தில் பூட்டிவைக்க வேண்டும். இதைச் சொன்னால் அவர் கேட்கக்கூடியது உங்களைப் போன்ற கிளப்காரர்களிடம்தான். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

விழாவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேட்டைப் பருவம் தொடங்க ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மூத்தவர்கள் கை துறுதுறுக்கும் நேரம் அது. மூவர் அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள்: ஒரு வேட்டைக்காரர், ஒரு குறி சுடுகிறவர், ஒரு புதியவர். மூவரின் ஸ்கோரையும் கூட்டி, அவரவர் வழக்கமான ஸ்கோரைவிட எவ்வளவு கூடியது என்பதற்குப் பரிசு கொடுங்கள். எப்போதும் ஜெயிக்கிறவர்களே ஜெயித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். குடும்பத்தாருக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் லேன் ஒன்று ஒதுக்குங்கள். அந்த டார்கெட்டில் பத்து மதிப்பெண் தரும் நடு வட்டம் அரை மில்லிமீட்டர் புள்ளி, ஏர் ரைஃபிளின் குண்டான பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். முதல்முறை சுடுகிறவருக்கு அதை வைக்காமல் பலூன் கட்டிவிடுங்கள், வெடித்தால்தான் சிரிப்பு வரும். கடைசித் துப்பாக்கி பூட்டப்பட்டு, சாவி ரேஞ்ச் ஆபீசர் பைக்குள் போகும்வரை யாருக்கும் ஒரு சொட்டு மது கிடையாது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள்.